அசுரனுக்குக் காலில் என்ன?

1968ஆம் ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் என்னோடு சித்திரம் படித்தவர்களுக்கு அந்தக் கலண்டர் படம் மறந்திருக்காது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்த உறவினர் ஒருவர் எங்கள் சித்திர சேருக்குக் கொடுத்த ஜப்பான் கலண்டர் அது. ஆண்டு முடிந்ததும் தாள்களைப் பிரித்துச் சித்திர அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். பூ, மலை, பனி என்று மற்றத் தாள்களில் இருந்தவை எனக்குச் சரியாக நினைவில்லை. ஒன்றில் மட்டும் ஒரு பையன் இருந்தான். மூன்று முகம், ஆறு கை, ஒடிந்துவிடுவது போன்ற மெல்லிய உடம்பு. புருவத்தைச் சற்றுச் சுருக்கி, கேட்கக்கூடாத எதையோ கேட்டுக் கலங்கியவன்போல நிற்பான். இரண்டு கைகள் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருக்கும். படம் இடுப்போடு முடிந்துவிடும்.

“ஆர் இது? சொல்லுங்கோ பாப்பம்” என்றார் சேர்.

பாதி வகுப்பு “முருகன்” என்றது. ஆறுமுகத்தில் முன்பக்கத்து மூன்றுதான் தெரிகிறது என்று ஒருவன் விளக்கமும் சொன்னான். சேர் தலையை ஆட்டினார். “முருகன் இல்லை. இது அசுரன்.”

நாங்கள் நம்பவில்லை. கந்தசட்டிக்குக் கந்தசட்டி சூரன்போர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அல்லவா? எங்களுக்குத் தெரிந்த அசுரன் கோயில் வீதியில் ஆட்டி ஆட்டித் தூக்கி வரப்படுவான். யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாறுவான். மாமரமாய் நின்று வேலால் பிளக்கப்படுவான். கைகூப்பி நிற்கிற அசுரனை எவர் கண்டது?

“இடுப்புக்குக் கீழை படம் இல்லை. நீங்கள் முடியுங்கோ. இந்த அசுரனுக்குக் காலிலை என்ன இருக்கும்?” அன்றைய பாடம் அதுதான். நான் முழங்கால்வரை கவசமும் கனத்த சப்பாத்தும் வரைந்தேன். பக்கத்து மேசைக்காரன் தண்டை போட்டான். ஒருவன் கழுகின் கால்களை வரைந்தான். எது சரி என்று கேட்டோம். “எனக்கும் தெரியாது. ஆராவது ஒருத்தர் போய்ப் பார்த்து எழுதிப் போடுங்கோ” என்றார். யாழ்ப்பாணத்தை விட்டு வவுனியாவுக்கு அப்பால் போயிராத பையன்களிடம் அப்படிச் சொன்னார். போவோம் என்று அவர் நம்பினார்.

1982இல் நான் வேலை செய்த கப்பல் பழுதுபார்ப்புக்காகக் கோபேயில் சில வாரங்கள் நின்றது. முதல் ஞாயிற்றுக்கிழமை கிடைத்த ஓய்வில் ரயில் ஏறி நாரா போனேன். 8ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் தலைநகராயிருந்த ஊர். புகையிரத நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தாலே கொஃபுக்குஜி என்ற பௌத்த ஆலயம் வந்துவிடும். சிலைகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் மண்டபத்தில், எட்டுக் காவல் கணங்களின் நடுவே அவன் நின்றான். அவர்கள் மொழியில் அவன் பெயர் அஷுரா. அசுரன் என்ற சொல்தான், சீனா வழியாகப் போனது. அருகே பறவை மூக்கோடு நின்ற கருரா நமது கருடன். கந்தர்வனும் கின்னரனும்கூட அங்கே இருந்தார்கள்.

அஷுராவின் உயரம் 153 சென்ரிமீற்றர்தான். 733இல் இறந்த தன் தாயாரின் நினைவாகப் பேரரசி கோமியோ எழுப்பிய மேற்குப் பொன்மண்டபத்துக்காக 734இல் செய்யப்பட்டவன். கப்பல் இயந்திரங்களோடு வாழ்ந்த எனக்கு அவனைச் செய்த விதம் நெஞ்சில் பதிந்துவிட்டது. களிமண்ணில் முதலில் உருவத்தைப் பிடிக்கிறார்கள். அதன்மேல் சணற்துணியை அரக்கு மரத்துப் பாலில் தோய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுகிறார்கள். அது இறுகியதும் வெட்டித் திறந்து உள்ளே இருக்கும் மண் முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். வெறும் கூடு மிஞ்சும். அது சுருங்கிக் கோணாதபடி உள்ளே மரச்சட்டம் வைத்து மூடி, முகத்தையும் விரல்களையும் அரக்குக் களியால் நுணுக்கமாக முடித்து, நிறமும் பொன்னும் பூசுகிறார்கள். ஆறு கைகளோடும் அவன் நிறை சுமார் 15 கிலோ. ஒரு துறவி தனியே தூக்கிக்கொண்டு ஓடலாம். அப்படி ஓடவேண்டிய தேவையும் வந்தது. 1180இல் தாயிரா என்ற போர்க்குலத்தின் படையினர் வைத்த நெருப்பில் ஆலயம் எரிந்தது. அதன் பின்னும் பலமுறை எரிந்தது. அவன் வீடாயிருந்த மேற்குப் பொன்மண்டபம் 1717இல் எரிந்தபின் திரும்பக் கட்டப்படவே இல்லை. வெண்கலத்தில் செய்திருந்தால் அவனை யார் தூக்கியிருப்பார்? அரக்கு மிக விலையுயர்ந்தது என்பதால் நாரா காலத்துக்குப் பிறகு இந்த முறை அருகி, மரச்சிற்பம் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஏன் கைகூப்புகிறான்? பௌத்தக் கதைகளிலும் அசுரன் இந்திரனோடு ஓயாமல் போரிடுகிறவன்தான். இரத்தக்களரியான இடத்தை ஜப்பானியர் இன்றைக்கும் “ஷுராபா”, அசுரரின் களம், என்கிறார்கள். ஆனால் அந்த மண்டபம் பொன்னொளிச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் வருகிற ஒரு காட்சியைக் காட்ட அமைக்கப்பட்டது என்று அறிஞர் விளக்குகிறார்கள். பொன்முரசு ஒன்று ஒலிக்கிறது. அந்த ஒலியைக் கேட்டவர் தம் பிழைகளை எண்ணி வருந்துகிறார். முரசொலியைக் கேட்கும் முகம்தான் அது. வேல் படாமலே அசுரன் அடங்கிய இடம். இடப்பக்கமாகப் போய் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்து முகம் கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருக்கும். அழுகையை அடக்கும் பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். நான் அங்கே நெடுநேரம் நின்றேன்.

அசுரன் இங்கே வந்துவிட்டான் என்றால் முருகன் எங்கே? அடுத்த ஓய்வு நாளில் ஊஜி என்ற ஊரிலுள்ள மம்புகுஜிக்குப் போனேன். 1661இல் சீனத் துறவி இங்கென் நிறுவிய ஸென் மடம். முகப்பு மண்டபத்தில் கொழுத்த வயிற்றோடு சிரிக்கும் ஹோத்தேயைச் சுற்றிப் பின்புறம் போனால், சீனத் தளபதியின் கவசத்தில் ஓர் இளைஞன். பெயர் இதாதென். ஸ்கந்தன் என்ற பெயர் சீன எழுத்தில் சுருங்கி, திரிந்து வந்த வடிவம் அது. வேலும் இல்லை, மயிலும் இல்லை. புத்தரின் பல்லைத் திருடிக்கொண்டு ஓடிய அரக்கனைத் துரத்திப் பிடித்து மீட்டவன் என்று கதை. ஓட்டத்தில் வல்லவனை ஜப்பானியர் இதாதென் என்றே அழைப்பார்கள். மயிலேறி உலகைச் சுற்றியவனுக்கு அது பொருத்தம்தானே! ஸென் மடங்களில் அவனுக்குப் பெரும்பாலும் சமையற்கட்டில் இடம். துறவிகளின் உணவுக்கு அவன் காவல். எங்கள் நல்லூரானை அடுப்படியில் கண்டதுபோல எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிள்ளையாரைத்தான் காண முடியவில்லை. யானைமுகத்தோடு இருவர் தழுவி நிற்கும் கங்கிதென் வடிவத்தைப் பெரும்பாலும் பேழைக்குள் மூடியே வைத்திருப்பார்கள். பூசகர் வெதுவெதுப்பான எண்ணெயால் முழுக்காட்டுவதும் அடியவர் கண்ணுக்குப் படாது. கியோத்தோவில் அவர் பெயரில் விற்கும் பலகாரத்தை வாங்கித் தின்றேன். நல்லெண்ணெயில் பொரித்த, வாயைச் சுருக்கிக் கட்டிய பைபோன்ற ஒன்று. உள்ளே வாசனையூட்டிய சிவப்புப் பயற்றங்களி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கடந்து வந்த மோதகம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூடிவைத்துத் தொழுவது நமக்குப் புதிதல்ல. கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் இருப்பதை நாம் எப்போது கண்டோம்?

கொஃபுக்குஜிக்கு அருகிலேயே கசுகா என்ற ஷின்தோ கோயில் உண்டு. ஷின்தோ ஜப்பானியரின் பழைய சமயம். பௌத்தம் 6ஆம் நூற்றாண்டில் கொரியாவிலிருந்து வருமுன்னர் ஜப்பானியர் தம் தெய்வங்களுக்குச் சிலை செய்ததில்லை. மரம், பாறை, கண்ணாடி இவற்றில் தெய்வம் வந்து தங்கும். கசுகா தெய்வத்தை வரைந்த பழைய ஓவியங்களில் ஒரு மான் நிற்கும். அதன் சேணத்தில் ஒரு மரக்கிளை. அதில் ஒரு வட்டக் கண்ணாடி. அந்த வட்டத்துக்குள் சிறு சிறு புத்த வடிவங்களை எழுதியிருப்பார்கள். கசுகா தெய்வம் புத்தரின் இன்னொரு தோற்றம் என்ற நம்பிக்கை ஒரே படத்தில் அடங்கிவிடும். மூலத்தானத்தில் வேலை வைத்து வணங்குகிற ஊரிலிருந்து போனவனுக்கு அந்த ஓவியத்தை விளக்க ஆள் தேவைப்படவில்லை.

அந்த உறவை 1868இல் அரசாணை போட்டுப் பிரித்தார்கள். புத்தரையும் கசுகாவையும் ஒன்றாகத் தொழுத கொஃபுக்குஜித் துறவிகள் ஷின்தோ பூசகர்களாக்கப்பட்டார்கள். நாடெங்கும் சிலைகள் எரிந்தன, விலைபோயின. கொஃபுக்குஜியின் ஐந்தடுக்குக் கோபுரமே சொற்பக் காசுக்கு விற்கப்பட்டதாக ஒரு பேச்சு உண்டு. அஷுராவின் கையும் உடைந்து, பின்னர் சீர்செய்யப்பட்டது. பழைய கோயில்களைக் காக்கும் சட்டம் 1897இல்தான் வந்தது. “பிஜுத்சு”, அதாவது நுண்கலை, என்ற சொல்லே 1873 வியன்னாக் கண்காட்சியை ஒட்டித்தான் ஜப்பானிய மொழிக்குள் வந்தது. அதுவரை அவர்களுக்கு இவை புத்தர்கள், காவலர்கள். வெறும் கலைப்பொருளென்று எவரும் சொன்னதில்லை. மண்டபத்தில் என் பக்கத்தில் நின்ற முதிய அம்மா ஒருவர் கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு அஷுராவை நோக்கிக் கைகூப்பினார். அவனும் கூப்பிக்கொண்டுதான் நின்றான்.

அன்றிரவே கப்பலிலிருந்து சேருக்குக் கடிதம் எழுதினேன். கருடன், முரசு, அரக்கு எல்லாம் எழுதி, கேள்விக்குரிய விடையைக் கடைசியில் வைத்தேன். மற்றக் காவலர் கவசத்தோடு நிற்க, அவன் மட்டும் கவசமில்லாமல், மெல்லிய ஆடையோடு, காலில் சாதாரணப் பாதரட்சை போட்டிருக்கிறான், விரல்கள் தெரிகின்றன.

இரண்டு மாதம் கழித்துச் சிங்கப்பூரில் பதில் கிடைத்தது. கலண்டர் தாள் இன்னும் சுவரில்தான் இருக்கிறதாம், செல்லரித்த ஓரத்தை வெட்டிவிட்டாராம். என் கடிதம் வந்த அன்று ஒன்பதாம் வகுப்புக்கு அதே பாடத்தைக் கொடுத்து, பிள்ளைகள் எல்லோரும் கால்களை வரைந்து முடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே கடிதத்தை உரக்க வாசித்தாராம்.