அப்பாவின் துப்பாக்கி லைசென்ஸ் என் பெயருக்கு மாறிய அனுபவம்

அப்பா இறந்த பிறகு பட்டா, பேங்க் கணக்கு, மின் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றினோம். எல்லாவற்றையும்விட அதிகம் இழுத்தது அவருடைய 12 போர் (குழலின் அளவைக் குறிப்பது) ஒற்றைக்குழல் துப்பாக்கிதான். மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, உதவட்டும் என்று எழுதுகிறேன்.

லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் அவருடைய லைசென்ஸை வைத்து வேறு யாரும் துப்பாக்கியை வைத்திருக்க முடியாது. ஆயுதச் சட்டம் 21-ஆவது பிரிவின்படி, தாமதிக்காமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட வேண்டும். காரியம் முடிந்த கையோடு அண்ணனும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். மிச்சமிருந்த தோட்டாக்களையும் எண்ணிக் கொடுத்தோம். ரசீதில் துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை இரண்டும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் எல்லா இடத்திலும் அந்த ரசீதைத்தான் கேட்பார்கள்.

அடுத்து வாரிசு விண்ணப்பம். 2016 ஆயுத விதிகளில் 25-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. மகன் மட்டுமல்ல, மனைவி, மகள், மருமகள், சகோதரி எல்லாருமே அதன்படி வாரிசுகள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஓர் அலுவலகத்தில் என் மனுவைப் புரட்டிப் பார்த்தவர், "அண்ணன் இருக்காருல்ல, உங்களுக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று கேட்டார். "அண்ணன் வெளியூர்ல இருக்கார் சார். தோட்டத்துல இருக்கிறது நான்தானே" என்றேன். அவர் மனுவை வாங்கிக்கொள்ளவில்லை. மறுமுறை போகும்போது விதியின் நகலைக் கையோடு கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார்.

இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அம்மாவும் அண்ணனும் எழுதிக் கொடுத்த தடையில்லாச் சான்று, அடையாள ஆவணங்கள், மனநலமும் சேர்த்துப் பார்த்த மருத்துவச் சான்று, பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி. இவையெல்லாம் அலைச்சல்தான், ஆனால் கஷ்டமில்லை. மாவட்டங்களில் கலெக்டர் மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் லைசென்ஸ் தருகிறார். மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். அதற்கு முன் போலீஸ் விசாரணை அறிக்கை போக வேண்டும். என் கோப்பு நின்றது அங்கேதான். வழக்கு ஏதும் உண்டா, அக்கம்பக்கத்தில் தகராறு உண்டா என்று விசாரித்தார்கள். அது நியாயம். துப்பாக்கி கேட்பவரை அரசு அலசிப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆணோ பெண்ணோ, கேட்கிற கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். பலர் இதை வெறும் சடங்காக முடித்துவிடப் பார்க்கிறார்கள், அப்படிச் செய்யாதீர்கள். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்று தெரிந்தாலும் தோட்டா இருப்பதாகவே எண்ண வேண்டும், சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியேதான் இருக்க வேண்டும், கையில் வாங்கியதும் குழலை மடக்கித் திறந்து பார்த்துவிட வேண்டும். எங்களுக்குப் பயிற்சி தந்தவர் இந்த மூன்றையும் உடம்பு பழகும்வரை விடவில்லை. அப்பா துப்பாக்கியை ஒரு பீரோவிலும் தோட்டாவை வேறொரு பெட்டியிலும் வைத்துப் பூட்டுவார். அதன் அருமை எனக்கு அந்தப் பயிற்சியில்தான் முழுதாகப் புரிந்தது.

காத்திருந்த நாட்களில் ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருந்தது: இது என் உரிமையா? அமெரிக்காவில் 1791-இலேயே இது அரசியலமைப்புத் திருத்தமாக வந்துவிட்டது. இங்கே 1878-இல் வைஸ்ராய் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களின் கையைக் கட்டிப்போட்டது. அந்தக் கோபத்தில்தான் 1931-இல் கராச்சி காங்கிரஸ் தீர்மானம், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் அதை வலியுறுத்தினார், அம்பேத்கர் ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவில் இன்று இருப்பது ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமைதான். அம்பேத்கர் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். ஆனால் உரிமை இல்லை என்பதற்காக, அதிகாரி மனம்போல் மறுத்துவிடவும் முடியாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், பொதுநலன் கருதி அதைத் தரக் கூடாது என்று கருதினாலொழிய நாம் கேட்டால் தர வேண்டும். இன்றைய ஆயுதச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்கீழ் மேல்முறையீடும் செய்யலாம். எனக்கு அந்த நிலை வரவில்லை. நினைவூட்டல் மனுக்கள் கொடுத்த பிறகு அறிக்கை போனது, ஆணையும் வந்தது.

இப்போது லைசென்ஸ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்தல் அறிவித்து ஒப்படைக்கச் சொன்னால் ஸ்டேஷனில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம், லைசென்ஸ் இருக்கிறது என்று காட்டுப்பன்றியைச் சுட்டுவிட முடியாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தனி. உங்கள் வீட்டு லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகிவிட்டதா, அல்லது துப்பாக்கி வாங்கி 25 ஆண்டுகள் ஆகிவிட்டனவா? அப்படியானால் அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசை நியமித்து விண்ணப்பிக்க அதே 25-ஆவது விதி இடம் தருகிறது. இந்த வாரமே அவரிடம் பேசிப் பாருங்கள்.