லாமுவில் லியோங்கோவைத் தேடி, தூரிகையோடு

கென்யாவின் வடகரையில் இருக்கும் லாமு தீவுகளுக்கு ஓவியம் வரையப் போகிறவர்கள் பெரும்பாலும் பாய்மரப் படகையும் கழுதையையும் வரைந்துகொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த மண்ணின் பெருங்கதை ஃபூமோ லியோங்கோவுடையது. கவிஞன், வில்லாளி. செப்பு ஊசியால் தொப்புளில் குத்தினால் தவிர அவனுக்குச் சாவில்லை. பக்கத்துத் தீவான பாத்தேயின் சுல்தான் சொன்ன ஆசைவார்த்தைக்கு மயங்கிய சொந்த மகனே, அவன் உறங்கும்போது குத்திவிட்டான். எழுந்த லியோங்கோ வில்லை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய், மண்டியிட்டு, நாணேற்றிய நிலையிலேயே உயிரை விட்டான். செத்தது தெரியாமல், ஊரார் பயத்தில் பல நாள் தண்ணீர் எடுக்கவே போகவில்லை. அவன் காலத்தை ஆய்வாளர்கள் ஆளுக்கொரு நூற்றாண்டில் வைக்கிறார்கள். 1913-இல் லாமுவின் கவிஞரும் மரச்சிற்பியுமான முகம்மது கிஜும்வா இதை நெடும்பாட்டாக எழுதிவைத்தார்.

வரையும்போது எல்லோரும் சறுக்கும் இடம், அவனைத் திமிறும் தசைகளோடு நிறுத்துவது. இந்தக் கதையின் உயிர் ஊராரின் பயத்தில் இருக்கிறது. குடத்தோடு தூரத்தில் தயங்கி நிற்பவர்களின் கண்ணில் அந்த முதுகு எப்படித் தெரிந்திருக்கும்? அங்கிருந்து பாருங்கள்.

வரைவதற்கு வேண்டிய சான்றுகள் தீவிலேயே உண்டு. லாமு அருங்காட்சியகத்தில் பாத்தேயின் தந்தக் கொம்பான சிவா இருக்கிறது, இரண்டு மீட்டருக்கும் மேல் நீளம். அரசவைக் காட்சி வரைவதானால் அதன் அளவை மனிதர் உயரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுவாஹிலி வீட்டு அருங்காட்சியகத்தில் அறைகள் ஏன் குறுகலாக இருக்கின்றன என்று பாருங்கள். கூரையைத் தாங்கும் போரிட்டி என்ற அலையாத்திக் கம்பு எட்டும் நீளம்தான் அறையின் அகலம், இரண்டரை மீட்டரை ஒட்டி வரும். இதைக் கவனிக்காமல் விசாலமான அறை போட்டால் படம் வேறு ஊராகிவிடும். பிரிகா என்ற தண்ணீர்த் தொட்டியைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: அடியில் பதித்த பீங்கான் கிண்ணம், அதைச் சுற்றிக் கொசுப் புழுக்களைத் தின்னும் சின்ன மீன்கள்.

இடிந்த ஊரை வரைய மண்டா தீவின் தக்வாவுக்குப் போங்கள். தண்ணீர் உப்பானதால் பதினேழாம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது என்பார்கள். லாமு தீவின் ஷேலா ஊர் மக்கள் தங்கள் முன்னோர் அங்கிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அலையாத்திக் கால்வாய் வழியே படகு போக நீரேற்றம் வேண்டும். நேரம் தவறினால் சேற்றில் நடை. பாத்தேக்கும் அப்படித்தான்: ம்டாங்கவாண்டா துறை வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல், பிறகு ஒரு மணி நேர நடை. ஓதப் பட்டியலைப் படகோட்டியிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள். நிலப்பகுதிச் சாலைகளில் பாதுகாப்புச் சிக்கல் உண்டு; விமானத்தில் மண்டாவில் இறங்கிப் படகில் கடப்பதே நல்லது.

வெயில் நேர் உச்சியில் நிற்கும் ஊர். காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை நாலுக்குப் பிறகு வரையுங்கள். காஸ்காஸி என்ற வடகிழக்குப் பருவக்காற்று வீசும் டிசம்பர் முதல் மார்ச் வரை வறண்ட காலம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மழை காகிதத்தைக் கெடுத்துவிடும்.

எதில் வரைவது? நைரோபியில் 1984-இல் பிறந்த ஓவியர் மைக்கேல் ஆர்மிடேஜ், உகாண்டாவின் லுபுகோ மரப்பட்டைத் துணியில் வரைகிறார். அதன் ஓட்டையையும் தையலையும் மறைக்காமல் படத்துக்குள் சேர்த்துக்கொள்கிறார். லாமுவில் அதற்கு இணை படகின் பழைய பாய்த்துணி. ஆனால் அதில் உப்பு ஊறியிருக்கும். அப்படியே வண்ணம் பூசினால் உப்பு ஈரத்தை இழுத்து, வெள்ளையாகப் பூத்து, வண்ணம் பொரிந்து உதிரும். நல்ல தண்ணீரில் மூன்று முறையாவது ஊறவைத்து அலசி, நன்றாகக் காயவிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி, அக்ரிலிக் ஜெஸோ என்ற அடிப்பூச்சை இரண்டு முறை கொடுங்கள். பூச்சில்லாமல் எண்ணெய் வண்ணம் நேரே பட்டால் பருத்தி இழை நாளடைவில் மக்கிவிடும். அக்ரிலிக் அந்தக் காற்றில் நிமிடங்களில் காய்ந்துவிடும். தட்டில் ஈரத் துணி விரித்து அதன் மேல் காகிதம் போட்டுக் கலக்குங்கள். டர்பன்டைன் விமானத்தில் ஏறாது.

ஆட்களை வரைவதற்கு முன், "நவேஸா குச்சோரா?" என்று கேளுங்கள், வரையலாமா என்று பொருள். பெண்கள் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள். பள்ளிவாசல் முற்றத்தில் கேட்காமல் தாளை விரிக்கக் கூடாது. திண்ணைகளில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். லியோங்கோ பேரைச் சொல்லிப் பாருங்கள். கைதியாக இருந்தபோது தாய் ரொட்டிக்குள் அரம் வைத்து அனுப்பிய பகுதியை யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். ஊர் குங்கு நடனம் ஆடிய ஆரவாரத்தில் அவன் விலங்கை அறுத்தான். அந்தக் காட்சியும் வரையத் தகுந்ததே.

சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் சுமை. சட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு, காய்ந்த துணியை வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டுங்கள். உள்ளே வைத்துச் சுருட்டினால் பிரிக்கும்போது வெடிப்பு விழும்.