கமலக்கண்ணி சன்னதியில் பல்லி சொன்னது

தம்பி மகன் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது, செஞ்சிக் கோட்டை ராஜகிரியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனுக்குப் புடவை சாத்துவதாக. குழந்தை எழுந்து ஓடி விளையாடுகிறான். அம்மாவுக்குத்தான் மலையேற முட்டி ஒத்துழைக்கவில்லை. முடிந்து வைத்த காசோடு நானும் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

பேருந்து நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஆட்டோவுக்குக் கேட்ட கூலியை இங்கே சொன்னால் சாமி குத்தமாகிவிடும். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் வேறு சேர்த்துவிட்டார்களா, விடுமுறை நாள் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். இளவட்டங்கள் சிப்ஸ் பாக்கெட்டை ஆட்டி ஆட்டிக் குரங்குகளைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கிறார்கள். அதன் பலன் நமக்கு. பாதிப் படி ஏறுவதற்குள் ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டியோடு வந்து வாழைப்பழச் சீப்பை உருவிக்கொண்டு போனது. "போகட்டும், முதல் படையல் அனுமாருக்கு" என்றார் இவர்.

மூச்சு வாங்க நின்ற இடத்தில் மதிலைப் பார்த்தேன். காரை உதிர்ந்த இடுக்கில் விரல் தடிமனில் ஓர் அரசங்கன்று. நான்கைந்து இலைதான், வேரோ கல்லைத் தடவித் தடவி ஆள் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. எந்தக் குருவி பழம் தின்று எச்சமிட்டதோ! கன்றிலேயே பிடுங்கினால் உண்டு. வேர் பருத்துவிட்டால் கல்லையே நெம்பிவிடும், வெட்டினாலும் துளிர்க்கும். அப்பர் பெருமான் கையில் உழவாரத்தோடு இந்தப் பக்கம் வந்திருந்தால் சும்மா போயிருக்க மாட்டார். எனக்கோ அரசில் கை வைக்க மனசு வரவில்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

சன்னதியில் புடவையை வைத்து, குழந்தையின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி வாய் மூடவில்லை, கல் இடுக்கிலிருந்து பல்லி சொன்னது. நிமிர்ந்து பார்த்தால் வால் அறுந்த சின்னப் பல்லி, தொண்டை மட்டும் துடிக்கிறது. எந்தத் திசை, என்ன பலன் என்றெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. தாயே, தாயே என்றுதான் வந்தது. அழுதுவிட்டேன்.

அப்புறம் பாறைப் பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டி உச்சியில் அரங்கநாதர் கோயில், கீழே களஞ்சியத்தில் மூக்கைத் துளைத்த வௌவால் வாடை, எதை முதலில் பார்த்தோம் என்றே நினைவில்லை. 800 அடி மலையை ஏறி இறங்கியும் கால் வலி தெரியவில்லை, எல்லாம் அவள் கருணை. அடுத்த திருவிழாவுக்குக் குழந்தையையும் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவள்தான் நடத்தித் தர வேண்டும்.