டிஸ்கஸ் தொட்டிக்கு அடிமீன் எது?

டிஸ்கஸ் என்ற தட்டு வடிவ அலங்கார மீனுக்குத் தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருக்கணும். தொட்டியின் அடியில் மேயும் அடிமீன்களில் பல இந்தச் சூட்டுக்கே ஒத்துவராது. கோரி என்பது சின்னக் கெளுத்தி வகை. அதில் பாண்டா கோரி, பெப்பர் கோரி இரண்டும் குளிர்ந்த தண்ணீர் மீன்கள். 29 டிகிரியில் வைத்தால் மெலிந்து சீக்கிரம் செத்துப்போகும்.

என் தேர்வு ஸ்டெர்பை கோரி. சூடு தாங்கும், டிஸ்கஸைச் சீண்டாது. ஆறுக்குக் குறையாமல் கூட்டமாக விடுங்கள். கீழே கூரில்லாத மெல்லிய மணல் போடுங்கள். கூரான சரளையில் துழாவித் துழாவி மீசை தேய்ந்து புண்ணாகும். அடிக்கடி மேலே வந்து காற்று குடிக்கும், அது இயல்பு. எல்லாமே ஓயாமல் ஓடி ஓடி வந்தால்தான் ஆக்சிஜன் குறைவு. ஏர் பம்பைக் கூட்டுங்கள்.

கடையில் 'சக்கர்' என்று தரும் சாதாரண பிளெக்கோ, அதாவது உறிஞ்சும் வாயுள்ள கெளுத்தி, வேண்டவே வேண்டாம். ராத்திரியில் டிஸ்கஸ் மேல் ஒட்டி வழவழப்பை உறிஞ்சும். அந்த இடம் புண்ணாகும். ஒரு அடிக்கு மேல் வேறு வளரும். கண்ணாடிப் பாசிக்கு பிரிஸில்நோஸ் என்ற சின்ன வகை பிளெக்கோ ஒன்று, கூடவே ஒரு மரக்கட்டை, போதும்.

புது மீனை நான்கு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். விளக்கை அணைத்த பிறகு மூழ்கும் பெல்லட் போடுங்கள். டிஸ்கஸ் தின்ற மிச்சத்தை மட்டும் நம்பினால் கோரி பட்டினிதான்.

கழிவை எந்த மீனும் தின்னாது. அதுக்கு சைஃபன் குழாயால் உறிஞ்சி எடுப்பதுதான் வழி.