படிக்கட்டை வெறுக்கும் பாவி

மூன்று வாரமாக ஒரு சித்திரவதைக்காரனோடு எல்ஆர்டி ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். பெயர் குளோக்டா. ஜோ அபர்குரோம்பி எழுதி 2006இல் வெளிவந்த ‘தி பிளேட் இட்செல்ஃப்’ நாவலில் வருகிறான். விரலை வெட்டி வாக்குமூலம் வாங்குவது அவன் உத்தியோகம். செய்யாத குற்றமென்றாலும் கையெழுத்து விழவேண்டும், அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் வாள்வீச்சில் பெரிய வீரன். எதிரி சிறையில் பல்லையும் காலையும் நாசமாக்கி அனுப்பிவிட்டார்கள். பட்ட பாட்டையே இப்போது பிறருக்குத் திருப்பித் தருகிறான். அயோக்கியன், சந்தேகமே இல்லை. ஆனால் அவன் அத்தியாயம் எப்போது வரும் என்று பக்கத்தைத் தள்ளிப் பார்க்கிறேனே!

நேற்று பிரிக்பீல்ட்ஸ் மாமாக் கடையில் அக்காவிடம் கதையைச் சொன்னேன். ரொட்டியைப் பிய்த்த கை அப்படியே நின்றது.

“இவனைப் போயா ரசிக்கிற?”

“நம்பியார் வந்தாதானே நீ நிமிர்ந்து உட்காருவ?”

“நம்பியாரத் திட்டத்தான்டா பார்க்கிறோம்.”

அங்கேதான் வம்பு. நம்பியாரை வெளியே இருந்து பார்க்கிறோம். இவன் மண்டைக்குள் நம்மை உட்காரவைத்துவிடுகிறார் எழுத்தாளர். மேலதிகாரியிடம் வாய் பவ்யமாகப் பேசும்போது மனசு நக்கலடிப்பது நமக்கு மட்டும் கேட்கிறது. அப்புறம் எப்படித் திட்டுவது?

அவனுக்குப் படிக்கட்டு என்றாலே ஆகாது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சாபம். இன்று காலை ஸ்டேஷனில் மின்படிக்கட்டு ஓடவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது மனதுக்குள் பேசியது நானா அவனா, தெரியவில்லை. பக்கத்தில் வந்த ஆன்ட்டி மட்டும் என் சிரிப்பைப் பார்த்து ஒதுங்கிப் போனார்.