ராத்திரி பத்தரை மணிக்கு 15 வாட்

எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கி இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள்: வீட்டில் சாதகம் பண்ண, கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்கும் டியூப் ஆம்ப் வாங்குவதா, அதன் குணத்தைக் கணக்குப் போட்டுப் போலி செய்யும் டிஜிட்டல் மாடலிங் ஆம்ப் வாங்குவதா? டோனை, அதாவது ஒலியின் குணத்தைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன் என்று எதிர்பார்ப்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை மணிக்கு வாசிப்பீங்க?"

என் கதையைச் சொல்கிறேன். ஆபீஸ் முடிந்து, பாத்திரம் கழுவி, பையன் தூங்கி, கிட்டார் என் மடிக்கு வரும்போது ராத்திரி பத்தரை. என்னிடம் இரண்டு ஆம்பும் இருக்கின்றன. கீழே 15 வாட் டியூப் ஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 பவர் டியூப் இரண்டு போட்டது. அதன் தலையில் ஒரு சின்ன மாடலிங் ஆம்ப். வாரநாட்களில் மேலே இருப்பதுதான் வேலை செய்கிறது.

15 வாட் என்றதும் சின்னது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 97 முதல் 100 டெசிபல் கேட்கும். ஒரே ஒரு வாட்டுக்கே அவ்வளவு! வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல்தான் கூடும். ஆகவே 15 வாட்டை முழுசாகத் திறந்தால் 109 முதல் 112 வரை வரும். சரி, அப்படியே கீழே இறங்கிப் பாருங்கள். பக்கத்து அறையில் ஆள் தூங்கும்போது 65, 70 டெசிபலுக்கு மேல் போக முடியாது. அதற்கு எத்தனை வாட் வேண்டும்? ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்காக இரண்டு பவர் டியூபும் அடுப்பு மாதிரி சூடாகிக்கொண்டு நிற்கின்றன.

டியூப் ஆம்பைப் பற்றி எல்லோரும் உருகிச் சொல்கிற விஷயம் எங்கே இருக்கிறது? பவர் டியூப் திணற ஆரம்பிக்கும்போது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இறுகும்போது, ஸ்பீக்கரின் கூம்பே நெளியும்போது. மெதுவாகத் தொட்டால் தெளிவாகவும் அழுத்தி அடித்தால் கரகரப்பாகவும் பேசுகிற அந்தக் குணம் பெரும்பாலும் அந்த எல்லையில்தான் கிடைக்கிறது. ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்து அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போக முடியாது. "மாஸ்டர் வால்யூம் எதுக்கு இருக்கு?" என்று கேட்பார்கள். இருக்கிறது. கெயினை (முதல் கட்டப் பெருக்கத்தை) ஏற்றி மாஸ்டரை (மொத்தச் சத்தத்தை) இறக்கினால், முதல் கட்டத்தில் இருக்கும் 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் டியூப்கள் மட்டும் கரகரக்கும். சத்தம் மெலிந்து, கொஞ்சம் மண்ணாகத்தான் இருக்கும். அட்டெனுவேட்டர் போடலாம். அது பவர் பகுதியை உழைக்கவிட்டு, மிச்ச சக்தியை வெப்பமாகக் கரைத்துவிடும். பரவாயில்லாத வழிதான். ஆனால் பயிற்சிக்கு என்று வாங்கிய சாமானுக்கு இன்னொரு சாமான் வாங்கும் வழி அது.

இங்கே மாடலிங் ஆம்புக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டும். சத்தம் குறைந்தால் நம் காதுக்கே பேஸ் (கீழ்ஸ்தாயி ஒலி) குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். எந்த ஆம்பாக இருந்தாலும் மெல்லிய சத்தத்தில் ஒல்லியாகத்தான் கேட்கும், அதில் டிஜிட்டல் மாயம் ஒன்றும் இல்லை. மாடலிங் ஆம்ப் செய்வது, திணறும் ஆம்பின் குணத்தை மட்டும் எடுத்துச் சத்தத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது. பத்தரை மணிக்கு எனக்கு அது போதும்.

லைன் 6 நிறுவனம் 1998-ல் சிவப்பாக, அவரை விதை வடிவத்தில் பாட் என்ற பெட்டியைக் கொண்டுவந்த காலத்தில் மாடலிங் என்றால் டியூப் பக்தர்கள் சிரித்தார்கள். இப்போது சிரிப்பு அடங்கிவிட்டது. டியூப் ஆம்புக்கே பேர்போன ஃபென்டர், 2019-ல் தன் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற ஆம்பை டிஜிட்டலாக டோன் மாஸ்டர் வரிசையில் வெளியிட்டது. 22 வாட் டியூப் ஆம்பைப் போலப் பேசவைக்க உள்ளே 100 வாட் டிஜிட்டல் பவர் ஆம்ப் வைத்திருக்கிறார்கள், பின்னால் 0.2 வாட் வரை இறக்க ஒரு திருகு. அந்தத் திருகை வைத்தவர்களுக்கு என் வீட்டு நிலவரம் தெரிந்திருக்கிறது!

ஹெட்போன்தான் எனக்குப் பெரிய காரணம். கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலானதை வெட்டிவிடும். அந்த வெட்டு இல்லாமல் டிஸ்டார்ஷனை (அந்தக் கரகரப்பை) நேராகக் காதில் விட்டால் தாங்காது. மாடலிங் ஆம்ப் ஸ்பீக்கர் பெட்டியையும் சேர்த்துப் போலி செய்வதால் காதுக்குள் முழு ஆம்ப் கேட்கிறது. அறையின் காற்று இருக்காது; கொஞ்சம் ரிவெர்ப் (அறை எதிரொலி) சேர்த்துச் சமாளிக்கிறேன். ஹெட்போன் ஒயர் வைத்ததாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் 100 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம் சாதாரணம். கை ஒரு தாளத்தில், காது ஒரு தாளத்தில் போகும். ஆம்புக்குள் கணக்குப் போட ஆகும் சில மில்லிசெகண்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்றாலே ஒலி வந்து சேர ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது.

இனி மாடலிங் ஆம்பின் தொல்லை. பிரிசெட், அதாவது சேமித்துவைத்த சத்த அமைப்பு! போனில் ஆப்பைத் திறந்து, முப்பது ஆம்பில் எது நல்லது, எந்த டிலே, எந்த மைக் என்று உருட்ட ஆரம்பித்தால் சாதகத்துக்கு ஒதுக்கிய நேரம் அதிலேயே போய்விடும். நான் இரண்டே இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று, கரகரப்பும் எஃபெக்டும் இல்லாத கிளீன். இன்னொன்று, கெயின் ஏற்றிய ராக் சத்தம். ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஏன் இரண்டு என்றால், ஒவ்வொன்றும் வேறு வேறு தப்பைக் காட்டிக்கொடுக்கும். கிளீனில் பிக் பிடித்த கையின் ஏற்ற இறக்கம் அப்பட்டமாகத் தெரியும்: நாலு ஸ்வரத்தில் ஒன்று மட்டும் அமுங்கினால் உடனே கேட்கும். கெயின் ஏறியதும் ஒலி இறுகி எல்லா ஸ்வரமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். கை கோணலாகப் போனாலும் கெட்டிக்காரன் போலக் கேட்கும். ஆனால் வாசிக்காத கம்பிகளை ஒழுங்காக அமுக்கிப் பிடித்திருக்கிறோமா என்பது அங்கேதான் தெரியும். சின்ன உரசல்கூட இரைச்சலாக வந்து நிற்கும். புதுப் பாடத்தை முதலில் கிளீனில், தாளம் தட்டும் மெட்ரோனோமோடு, மெதுவாக. பிறகு அதையே கெயினில். முழுக்க முழுக்கக் கெயினிலேயே பழகியவர்களை மேடையில் கிளீன் பகுதி வரும்போது பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும்.

அப்படியானால் டியூப் ஆம்பை விற்றுவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். மாட்டேன். டிரம்ஸோடு வாசிக்கும் நாள் என்று ஒன்று இருக்கிறதே. வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றி, கிட்டாரில் உள்ள வால்யூமை மட்டும் திருகித் திருகி கிளீனிலிருந்து கரகரப்புக்கும் மறுபடி கிளீனுக்கும் போய் வரும் சுகத்தை அங்கே அனுபவிக்கலாம். பின்பக்கம் திறந்த பெட்டியிலிருந்து காற்று காலில் மோதும். பதிவு செய்து கேட்டால் எது டியூப், எது டிஜிட்டல் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன். முன்னால் நின்று வாசித்தால் கட்டுவேன். என் சின்ன மாடலிங் ஆம்ப் அந்த அறையில் ஸ்நேர் டிரம்முக்கு அடியில் காணாமல் போகும். ராத்திரி மெல்லிய சத்தத்தில் பேஸை ஏற்றிச் செதுக்கிய பிரிசெட்டும் அங்கே உதவாது, கும்மென்று குழம்பிவிடும்.

டியூப் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பவர் டியூப் தேயும் சாமான், மாற்ற வேண்டிவரும். சில ஆம்புகளில் மாற்றும்போது பயாஸும் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிபார்க்க வேண்டும். பின்பலகையைக் கழற்றிக் கையை விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சில நூறு வோல்ட் நிற்கலாம். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாடலிங் ஆம்பைப் பார்க்கப் போகிறவர்கள் விற்பவர் காட்டும் பிரிசெட்டைக் கேட்டுத் தலையாட்ட வேண்டாம். எஃபெக்டை எல்லாம் அணைக்கச் சொல்லி, கிளீனில் வைத்து, வால்யூமைக் கிட்டத்தட்ட அடியில் இறக்கி வாசித்துப் பாருங்கள். கெயின், டிரெபிள், பேஸ் மூன்றுக்கும் கையால் திருகும் குமிழ் இருக்கிறதா, போன் இல்லாமல் முழுசாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆப்பை நிறுவனம் கைவிட்டாலும் குமிழ் இருக்கும். ஆக்ஸ் இன் (போன் மாதிரி வெளிக்கருவியை இணைக்கும் துளை) இருந்தால் பேக்கிங் டிராக்கை (கூட வாசிக்க வைத்திருக்கும் பக்கவாத்தியப் பதிவை) ஒயரில் விடலாம். மிச்ச விஷயங்களை எல்லாம், வாசிக்கக் கை பழகிய பிறகு யோசித்துக்கொள்ளலாம்.