60,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் பிசி அசெம்பிள் செய்த கதை

நான் முதலில் எழுதிய பட்டியலைப் பார்த்துத் தம்பி சிரித்தான். மானிட்டர் நீங்கலாக மொத்த பட்ஜெட் 60,000 ரூபாய். மச்சானின் பழைய 24 இன்ச், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தது. இந்த ஆசையே அதனால் வந்ததுதான். ரைசன் 7 5700எக்ஸ் பிராசசருக்கு 17,000 ஒதுக்கிவிட்டு, மிச்சம் மீதியில் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டிருந்தேன். "நீ எக்செல் ஷீட் போடப்போறியா, கேம் ஆடப்போறியா?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். புதிய கேம்களில் வேலையின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. கார்டு திணறினால் எட்டு கோர் பிராசசர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கும். பட்டியலைக் கிழித்துவிட்டுக் கார்டிலிருந்து ஆரம்பித்தேன்.

இது 2023 நவம்பர். என் பணத்துக்கு மூன்று வழி இருந்தது. செகண்ட் ஹேண்டில் ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கிராபிக்ஸ் கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையை விட்டதும் இப்படி நிறைய கார்டுகள் சந்தைக்கு வந்துவிட்டன. ராத்திரி பகலாக ஓடித் தேய்ந்த கார்டா இல்லையா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் 185 வாட் இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050இல் டிஎல்எஸ்எஸ் வசதி (படத்தைச் சிறிதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டுவது) உண்டு, ஆனால் அது இல்லாமல் சாதாரணமாக ஓடும் கேம்களில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 அதைத் தெளிவாக முந்துகிறது. 8 ஜிபி நினைவகம், 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். 21,000 ரூபாய்க்கு அதையே முடித்தேன்.

மற்றதெல்லாம் அதன் பின்னால் தானாக வரிசையில் நின்றன. ரைசன் 5 5600, ஆறு கோர், 12,000. பி550 மதர்போர்டு 9,000. 16 ஜிபி டிடிஆர்4 ரேம், எட்டு எட்டாக இரண்டு, 3,600. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி 4,500. ஒரு கடையில் 5600க்குப் பதிலாக 5600ஜியைத் தள்ளப் பார்த்தார்கள், "ஆன்போர்டு கிராபிக்ஸும் கிடைக்குது சார்" என்று. தனிக் கார்டு போடுகிறவனுக்கு அது எதற்கு? எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) 32 எம்பியிலிருந்து பாதியாகக் குறைவதுதான் மிச்சம்.

நான் கஞ்சத்தனம் பண்ணப் பார்த்த இடம் எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சனிக்கிழமை கூட்டத்தில் (ஞாயிறு பெரும்பாலான கடைகளுக்கு லீவு) நுழைந்து நுழைந்து, கேபினெட்டோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸும் 2,800 ரூபாய்க்குத் தருகிறேன் என்ற கடையில் நின்றேன். 450 வாட் என்று பெட்டியில் கொட்டை எழுத்து. கையில் வாங்கியதும் முதல் சந்தேகம்: காற்றடைத்த மாதிரி லேசாக இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. போனில் பெருக்கினேன்: 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது கிட்டத்தட்ட முழுக்க இந்த 12 வோல்ட்டில்தான். கார்டுக்கு 132, பிராசசருக்கு முழு வேகத்தில் 76. கூட்டினால் 208. ஃபேனைக் கணக்கில் சேர்ப்பதற்கு முன்பே கணக்கு உதைத்தது.

"தம்பி, எத்தனையோ பேருக்கு இதைத்தான் போட்டுக் குடுத்திருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

"அண்ணா, இந்த ஸ்டிக்கர்லயே 192தான் வருது."

அவரும் ஒரு நிமிடம் ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தார்: 550 வாட், 80 பிளஸ் ப்ரோன்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்ற தரச் சான்று), 12 வோல்ட்டில் 45 ஆம்பியர். 4,200 ரூபாய், கனமான கனம். "பில் இல்லாம எடுத்தா கொறச்சுத் தரேன்" என்றதற்கு மட்டும் தலையாட்டவில்லை. சீரியல் நம்பரோடு பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது?

கேபினெட் தனியாக 3,300. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டது அழகாக மின்னியது, ஆனால் காற்று போக வழியே இல்லை. சென்னை மே மாதத்தை நினைத்து, வலை முகப்பு வைத்ததை எடுத்தேன். ஆக மொத்தம் 57,600.

அசெம்பிள் செய்ய ஒரு ஞாயிறு போதும் என்று நினைத்தேன். பிராசசர் சமர்த்தாக உட்கார்ந்தது. மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைத்தால் தானே இறங்கிவிடுகிறது, அழுத்தக் கூடாது. தகராறு கூலரில். கூடவே வந்த கூலர் நான்கு திருகால் பூட்டுவது, அதனால் போர்டில் இருந்த பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்றச் சொன்னது வழிமுறைத் தாள். கழற்றி, போர்டைத் தூக்கினேன். டங்கென்று பின்பக்க இரும்புத் தகடு மேசையில் விழுந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்று நெஞ்சு நின்றே போனது. அந்தத் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்ததே நான் கழற்றிய திருகுகள்தான் என்று புரியக் கால் மணி நேரம். கடைசியில் தம்பி கீழிருந்து தகட்டை விரலால் தாங்கிக்கொள்ள, நான் மேலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. எச்டிஎம்ஐ கேபிளைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தேன். 5600இல் ஆன்போர்டு கிராபிக்ஸ் கிடையாது என்று கடையில் அவ்வளவு வாதாடியவன் நான்!

விண்டோஸ் ஏற்றியபின் பார்த்தால் ரேம் 3200 வேகத்துக்குப் பதில் 2666இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் சரியானது. மானிட்டரும் 60 ஹெர்ட்ஸில் தூங்கிக்கொண்டிருந்தது. டிஸ்பிளே செட்டிங்கில் போய் 144க்கு மாற்ற வேண்டியிருந்தது. சைபர்பங்க் 2077 ஹை செட்டிங்கில் விநாடிக்கு 60 பிரேமை ஒட்டி ஓடுகிறது. தம்பியின் வேலரண்ட் 144ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. அவன்தான் இப்போது என் நாற்காலியில் அதிக நேரம் உட்காருகிறான்.

பவர் எல்இடி மட்டும் இன்னும் எரியவில்லை. அந்தப் பொடி ஒயரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். திறந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் நான் கட்டி ஒதுக்கி வைத்த கேபிள்களின் மேல் பக்கவாட்டுக் கதவை மூடியதே முட்டி வைத்து அழுத்தித்தான்.